சிக்கியதா, புதைந்ததா, அப்பியதா: ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது

'ஐ ஆம் ஸ்ட்ரக் இன் டிராஃபிக்.' நம்மவர்கள் எழுதும் ஆங்கில மின்னஞ்சல்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது. எழுதியவர் சொல்ல வந்தது, நெரிசலில் மாட்டிக்கொண்டேன் என்பது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் படித்தால், ரோட்டில் ஏதோ வந்து மோதிவிட்டது போலிருக்கிறதே என்றுதான் திகைப்பார். 'ஸ்டக்' என்பது 'ஸ்டிக்' என்ற வினையின் இறந்தகாலம். குத்து, ஒட்டு என்பது அதன் பொருள். 'ஸ்ட்ரக்' என்பது 'ஸ்ட்ரைக்' என்ற வினையின் இறந்தகாலம், அடி, தாக்கு. நடுவில் ஓர் 'ஆர்' வந்து விழுந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது, இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால். எழுதி முடித்ததும் அந்த இடத்தில் 'அடிபட்டு' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். 'லிஃப்டில் அடிபட்டு நிற்கிறேன்' என்று வந்தால் அந்த 'ஆர்' அங்கே இருக்கக் கூடாது.

இதன் உடன்பிறப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, 'ஸ்டக்டு'. 'ஸ்டக்' ஏற்கெனவே இறந்தகால வடிவம். அதன் மேல் இன்னொரு விகுதி ஏறாது. மற்றது, 'ஐ ஆம் ஸ்டக் அப் இன் எ மீட்டிங்'. இந்திய அலுவலகங்களுக்குள் இது புரிந்துவிடும். ஆனால் 'ஸ்டக்-அப்' என்றால் தலைக்கனம் பிடித்தவர் என்று பொருள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்வதைத் தவிர்க்க வேண்டும். வழியில் தாமதமானால் 'ஹெல்டு அப்'. வேலையை விட்டு நகர முடியாவிட்டால் 'டைடு அப்'. இரண்டும் எங்கேயும் செல்லும்.

'ஸ்டக்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் சிறு சொல்லைத்தான் உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டும். 'இன்' வந்தால் ஓர் இடத்துக்குள் மாட்டியிருக்கிறது. 'ஆன்' வந்தால் ஒரு கணக்கிலோ கேள்வியிலோ மேலே போக முடியவில்லை. ஆளைச் சுட்டி 'ஆன்' வந்தால் அவர் மேல் மயங்கிக் கிடக்கிறார் என்றும் ஆகிவிடும். 'டூ' வந்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சட்டியின் அடியில் சோறு பிடித்ததுபோல. 'ஃபார்' வந்தால் ஏதோ ஒன்று கைவசம் இல்லாமல் தவிப்பு: 'ஸ்டக் ஃபார் வேர்ட்ஸ்' என்றால் வார்த்தை வரவில்லை. 'வித்' வரும்போதுதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'ஐ ஆம் ஸ்டக் வித் திஸ் கார்' என்பதற்கு, கார் நடுவழியில் நின்றுவிட்டது என்று மொழிபெயர்க்கிறார்கள். வேண்டாத இந்தக் காரைத் தலையில் கட்டிவிட்டார்கள், இனி இதோடுதான் காலம் தள்ள வேண்டும் என்பதே பொருள். 'தலையில் கட்டுவது' என்ற நம் வழக்கு அதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

இனி இந்தச் சொல் ஒன்றை விட்டு வெளியே வருவோம். தமிழில் இதற்கெல்லாம் ஒரே சொல்தான் இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நூல் சிக்கும். சேற்றில் வண்டிச் சக்கரம் புதையும். கப்பல் தரைதட்டும். குழாய் அடைத்துக்கொள்ளும். காலில் முள் தைக்கும். கொக்கியில் துணி மாட்டும். வலையில் மீன் படும். பேசும் தமிழில் இவற்றை யாரும் குழப்புவதில்லை. செய்தித் தமிழ்தான் இவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு 'சிக்கித் தவிப்பு' என்ற ஒன்றில் வந்து நின்றுவிட்டது. வெள்ளத்தில் சிக்கித் தவிப்பு, விமான நிலையத்தில் சிக்கித் தவிப்பு, சுரங்கத்தில் சிக்கித் தவிப்பு, கடனில் சிக்கித் தவிப்பு. இந்த வழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர் எல்லாவற்றுக்கும் 'ஸ்டக்' போடுகிறார். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பவருக்குக் காட்சி தெரியாது.

ஆங்கிலத்தில் சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி பெரும்பாலும் போதும்: பிடித்து வைத்திருப்பது எது? சேறா, நூலா, சுவரா, தண்ணீரா, இடுக்கா, ஆட்களா? அதற்குப் பதில் தெரிந்தால் சொல் தானாக வந்துவிடும்.

2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் ஒரு பகுதி இடிந்து, 41 தொழிலாளர்கள் உள்ளே அடைபட்டார்கள். நவம்பர் 28 அன்று எல்லோரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அவர்களுக்குரிய சொல் 'ட்ராப்டு'. வழி அடைபட்டு, வெளியே வர முடியாமல், ஆபத்தில் இருப்பவர்களுக்கு அதுதான். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலைய ஓடுபாதையில் வெள்ளம் புகுந்தபோது அங்கிருந்த பயணிகள் 'ஸ்ட்ராண்டெட்'. அவர்களை எதுவும் அடைத்து வைக்கவில்லை. போவதற்கு வாகனம் இல்லை, அவ்வளவுதான். 'ஸ்ட்ராண்ட்' என்றால் கடற்கரை. அலை கொண்டுவந்து கரையில் போட்டுவிட்டுப் போன கப்பலின் நிலை. அதே வெள்ளத்தில் நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்து மாடிகளில் நின்றவர்கள் 'மரூண்டு'. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலைக்காடுகளில் வாழ்ந்தவர்களை 'மரூன்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லிலிருந்து, ஆளைத் தனித்தீவில் இறக்கிவிட்டுப் போவதற்கு மாலுமிகளிடம் இந்த வினை பிறந்தது. சேலைக் கடையில் சொல்லும் மெரூன் நிறத்துக்கும் இதற்கும் உறவில்லை. அது பிரெஞ்சில் ஒருவகைக் கொட்டையின் பெயர்.

இந்த மூன்றையும் மாற்றிப் போடுவது நடையழகு சார்ந்த விஷயமாக மட்டும் முடிந்துவிடாது. வெளிநாட்டில் அவசர உதவி எண்ணுக்குப் பேசும்போது 'ட்ராப்டு' என்றால் உடைத்து எடுக்கும் கருவிகளோடு வர வேண்டியிருக்கும் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'ஸ்ட்ராண்டெட்' என்றால் ஒரு வண்டி போதும் என்று நினைப்பார். கார் கவிழ்ந்து கால் மாட்டிக்கொண்டவர் இரண்டாவது சொல்லைச் சொல்லக் கூடாது.

ஒரே நிகழ்ச்சிக்கு எத்தனை சொற்கள் வரலாம் என்பதற்கு 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே நின்ற 'எவர் கிவன்' கப்பலைவிட நல்ல பாடம் கிடையாது. 400 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டகக் கப்பல். மார்ச் 29 அன்றுதான் விடுபட்டது. அந்த ஆறு நாட்களும் ஆங்கிலச் செய்திகளில் வந்த சொற்களை அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் கப்பலின் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. 'ரேன் அகிரவுண்ட்' என்பது அடிப்பாகம் தரையில் முட்டிய கணம். நம் 'தரைதட்டியது' சரியாகப் பொருந்தும். 'லாட்ஜ்டு' என்பது முன்மூக்கு கரை மண்ணுக்குள் பாய்ந்து பதிந்த நிலை. தொண்டையில் மீன்முள் நிற்பதற்கும், உடலில் குண்டு தங்குவதற்கும் இதே சொல்தான். 'வெட்ஜ்டு' என்பது முன்பக்கம் ஒரு கரையிலும் பின்பக்கம் மறு கரையையொட்டியும் ஆப்படித்ததுபோல் குறுக்கே நின்றது. 'வெட்ஜ்' என்றாலே ஆப்புதான். 'பிளாக்டு' கப்பலுக்கு உரியதே இல்லை, கால்வாய்க்கு உரியது. 'ஹெல்டு அப்' பின்னால் வரிசையில் காத்திருந்த மற்றக் கப்பல்களுக்கு. விடுபட்டபோதும் அப்படியே: ஆப்பாக நின்றது 'ஃப்ரீடு', பதிந்திருந்தது 'டிஸ்லாட்ஜ்டு', தரைதட்டியது 'ரீஃப்ளோட்டட்'. மாட்டிய சொல்லுக்கு ஏற்ற விடுபடும் சொல்லைக் கூடவே படித்து வைத்துக்கொண்டால் பத்தி முழுக்க இணக்கமாக வரும். தமிழில் 'மிதக்கவிடப்பட்டது' என்று எழுதினால் புதுக்கப்பலை வெள்ளோட்டம் விட்டதுபோல் ஆகிவிடுகிறது. 'மீண்டும் மிதக்கத் தொடங்கியது' போதும்.

போகிற போக்கில் ஒன்று: 'கிரவுண்டெட்' என்ற சொல் கப்பலுக்குத் தரைதட்டியது, விமானத்துக்குப் பறக்கத் தடை, பிள்ளைகளுக்கு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற தண்டனை. எழுவாயைப் பார்க்காமல் மொழிபெயர்க்கக் கூடாது.

சேற்றுச் சொற்களுக்கு வருவோம். 'பாக்', 'மயர்', 'குவாக்மயர்', 'மொராஸ்', 'ஸ்லவ்' எல்லாமே சகதி, உளை, சதுப்பு என்ற குடும்பம். 'பாக்' அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் கேலிக் மொழியில் மென்மை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. கால் வைத்தால் அமுங்கும் நிலம். அங்கிருந்து வந்த 'பாக்டு டவுன்' வேகம் குறைந்து நின்றுபோவதைச் சொல்கிறது: சில்லறை விவரங்களில், காகித வேலையில், கேள்வி மேல் கேள்வியில். ஆஸ்திரேலியாவில் 'டவுன்' இல்லாமல் 'பாக்டு' என்று மட்டும் சொன்னால் கார் சேற்றிலோ மணலிலோ இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிரிட்டனில் 'தி பாக்' என்று பேச்சு வழக்கில் சொன்னால் அது கழிப்பறை.

'மயர்டு' இதைவிடக் கனமானது. கடன், ஊழல், வறுமை, போர் இவற்றோடுதான் அது சேரும். நீண்ட நாள் புதைந்து கிடப்பதும் கறை படிவதும் சேர்ந்தே அதற்குள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் இழுத்த கூட்டத்துக்கு 'மயர்டு' போட்டால் பொருந்தாது. இதைத் தமிழாக்கும்போது 'கடன் சேற்றில் சிக்கி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நமக்குக் கடன் சேறாக இருப்பதில்லை, அது தண்ணீர். 'கடனில் மூழ்கி', 'கழுத்தளவு கடன்' என்பதே நம் வழக்கு. உருவகத்தை அப்படியே தூக்கி வராமல் நம் மொழியில் அந்தத் துன்பத்துக்கு என்ன உருவகம் இருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் தயாராகவே கிடைக்கும்.

உச்சரிப்பில் இரண்டு எச்சரிக்கைகள். 'மொராஸ்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில். 'ஸ்லவ்' என்று பிரிட்டனில் சொல்லும் சதுப்பை அமெரிக்காவில் பலர் 'ஸ்லூ' என்பார்கள். அதே எழுத்துக்கூட்டலில் பாம்பு சட்டையுரிப்பதற்கு வரும் வினையோ 'ஸ்லஃப்'. லண்டனுக்கு மேற்கே இதே எழுத்துக்கூட்டலில் ஓர் ஊரும் இருக்கிறது. அதை 'ஸ்லவ்' என்றுதான் கேட்க வேண்டும்.

நூல் குடும்பத்தில் நமக்கு வசதி அதிகம். தலைமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். சீப்பு நிற்கும் அளவுக்குப் பின்னிக்கொண்டால் 'டாங்கிள்டு', சிக்கு. ஓர் இடத்தில் இறுகி முடிச்சானால் 'நாட்டட்'. பல நாள் வாராமல் ஒட்டிச் சடையாகிவிட்டால் 'மேட்டட்'. முதலாவதற்குச் சீப்பு, இரண்டாவதற்கு விரல் நகம், மூன்றாவதற்குச் சில சமயம் கத்தரிக்கோல். எதைக் கொண்டு எடுக்க வேண்டும் என்பதே சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு. 'ஸ்நார்ல்' என்பதும் சிக்குதான், போக்குவரத்துக்கும் வரும். நாய் உறுமுவதற்கும் இதே எழுத்துக்கூட்டல் என்றாலும் அது வேறு சொல். சிக்கைக் குறிப்பது, கண்ணி என்று பொருள்படும் 'ஸ்நேர்' என்பதன் உறவு. 'அன்ரேவல்' என்ற வினையிடம் கவனமாக இருக்க வேண்டும். புதிரை ஒருவர் 'அன்ரேவல்' செய்தால் சிக்கெடுத்துவிட்டார். திட்டம் தானாக 'அன்ரேவல்' ஆனால் இழை இழையாகப் பிரிந்து பாழாகிவிட்டது. ஒன்று நல்ல செய்தி, மற்றது கெட்ட செய்தி.

இந்தக் குடும்பத்தில் உண்மையான ஆபத்து செய்தி மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. 'இன்வால்வ்டு', 'என்டாங்கிள்டு', 'எம்ப்ராய்ல்டு', 'இம்ப்ளிகேட்டட்' நான்குக்கும் 'சிக்கினார்' என்று போட்டுவிடுகிறோம். 'இன்வால்வ்டு' வெறும் தொடர்பு. நல்ல காரியத்திலும் தொடர்பு இருக்கலாம். 'எம்ப்ராய்ல்டு' ஒரு தகராறுக்குள் இழுக்கப்பட்டிருப்பது. தவறு யார் மேல் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. 'என்டாங்கிள்டு' எளிதில் விலக முடியாதபடி பின்னிக்கொண்டிருப்பது, பணத்திலோ உறவிலோ. 'இம்ப்ளிகேட்டட்' என்றால்தான் குற்றத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்று ஏதோ ஒரு சாட்சியோ ஆவணமோ காட்டுகிறது. 'எம்ப்ராய்ல்டு' என்று மூலத்தில் இருப்பதைத் தமிழில் 'ஊழலில் சிக்கினார்' என்று எழுதினால், கையும் களவுமாகப் பிடிபட்டார் என்றுதான் வாசகர் படிப்பார். ஒரு மனிதரின் மானம் அந்தச் சொல்லில் தொங்குகிறது. 'சர்ச்சைக்குள் இழுக்கப்பட்டுள்ளார்', 'தொடர்பு இருப்பதாகக் கூறப்படுகிறது' என்று அளந்து எழுத வேண்டும். ஓரிரு சொல் கூடினால் கூடட்டும். ஒருவரை ஒருவர் குறைசொல்லும் பல தரப்புகள் ஒரே விவகாரத்தில் பின்னிக்கிடந்தால் ஆங்கிலம் இத்தாலியிலிருந்து வாங்கிய 'இம்ப்ரோலியோ' என்ற சொல்லைப் போடும். அகராதி அதற்கு அரை வரி விளக்கம் தரும். நமக்கு 'இடியாப்பச் சிக்கல்' இருக்கிறது.

அடைப்புச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முடி, எண்ணெய், சோற்றுப்பருக்கை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அடைத்தால் 'கிளாக்டு'. எதனால் அடைத்தது என்பது முக்கியமில்லை, வழி மூடிவிட்டது என்றால் 'பிளாக்டு'. ஓட வேண்டியது நெருக்கி நின்றுவிட்டால் 'ஜாம்டு': அச்சு இயந்திரத்தில் தாள், சட்டத்தில் கதவு. 'கிளாக்' முதலில் மாட்டின் அலைச்சலைத் தடுக்க அதன் காலில் கட்டிய கட்டை. துள்ளும் மாட்டின் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடும் பழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. 'முட்டுக்கட்டை' என்ற நம் சொல்லும் ஒரு மரத்துண்டிலிருந்துதான் பிறந்திருக்கிறது.

கறைச் சொற்களுக்குக் கேள்வியை மாற்ற வேண்டும். மேலே இருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா? ஈரமா, காய்ந்ததா? துடைத்தால் போகுமா? வயலிலிருந்து வரும் ஒருவரின் காலைப் பாருங்கள். சேறு புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தால் 'ஸ்பாட்டர்டு'. கையால் வழித்துப் பூசியதுபோல் இழுபட்டிருந்தால் 'ஸ்மியர்டு'. காய்ந்து பொருக்குத் தட்டி, தட்டினால் ஓடு ஓடாக உதிருமானால் 'கேக்டு'. சேலையின் கீழ்ஓரம் ஈரச்சேற்றில் இழுபட்டுத் தொங்கினால் 'பிட்ராகிள்டு'; 'ட்ராக்' என்ற இழுத்தல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இவை நான்கும் துவைத்தால் போய்விடும். துவைத்த பிறகும் நிற்பது 'ஸ்டெயின்': வாழைக்கறை, வெற்றிலைக்கறை, மஞ்சள். மஞ்சள் பட்ட இடம் சோப்புப் பட்டதும் சிவக்கும், வெயிலில் காயப்போட்டால் வெளிறும். சிவந்ததற்கு 'டர்ண்டு ரெட்', வெளிறியதற்கு 'ஃபேடட்'. முழுக்கப் போய்விட்டால் மட்டுமே 'கேம் அவுட்'.

பள்ளியில் படித்த 'சாயில்டு' என்ற சொல்லை வீட்டுப் பேச்சில் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. 'மை ஷர்ட் காட் சாயில்டு' என்று யாரும் பேசுவதில்லை. 'ஐ காட் மட் ஆன் மை ஷர்ட்' என்பதுதான் இயல்பு: என்ன பட்டது, எதில் பட்டது. 'சாயில்டு' வாழுமிடங்கள் வேறு. சலவை இயந்திரத்தின் கையேட்டில் லேசான அழுக்கு, கடும் அழுக்கு என்று பிரிக்க வரும். மருத்துவமனையில் 'சாயில்டு லினன்' என்று எழுதிய கூடை, நோயாளி பயன்படுத்திய படுக்கை விரிப்புகளுக்கு. செவிலியர் குறிப்பில் 'தி பேஷன்ட் சாயில்டு ஹிம்செல்ஃப்' என்றால் படுக்கையிலேயே மலம் போய்விட்டார் என்று பொருள். வெளிநாட்டில் செவிலியராகவோ முதியோர் பராமரிப்பிலோ வேலைக்குச் சேர்பவர்கள், குழம்பு சிந்திய சட்டைக்கு அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதினால், அடுத்த பணிமுறைக்கு வருபவர் அதை வேறுவிதமாகப் புரிந்துகொள்வார்.

மண் என்ற பொருளில் வரும் 'சாயில்' பெயர்ச்சொல்லோடு இதைச் சேர்த்து வைத்துக் கற்றுத்தருகிறார்கள், மண் பட்டது என்று. நினைவில் நிற்க உதவும், ஆனால் வேர் வேறு. அழுக்காக்கு என்ற வினை பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. லத்தீனில் பன்றியைக் குறிக்கும் சொல்லோடு அதை இணைக்கிறார்கள்.

வங்கியில் இதே சொல்லுக்கு விதிப்படி ஒரு வரையறை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கணக்கில் 'சாயில்டு நோட்' என்பது புழங்கிப் புழங்கி அழுக்கேறியது. ஒரே நோட்டின் இரண்டு துண்டுகளை ஒட்டியதும், முக்கிய அம்சம் எதுவும் போகாமல் முழுதாக இருந்தால், இதில் சேரும். இதை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பகுதி காணாமல் போயிருந்தாலோ இரண்டு துண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தாலோ அது 'மியூட்டிலேட்டட்'. எவ்வளவு பரப்பு மிஞ்சியிருக்கிறது என்று அளந்துதான் பணம் கிடைக்கும். இரண்டையும் 'கிழிந்த நோட்டு' என்று மொழிபெயர்த்தால் வாடிக்கையாளர் எதிர்பார்த்து வருவதும் கிடைப்பதும் வேறுவேறாகிவிடும். முதலாவதற்கு 'அழுக்கடைந்த', இரண்டாவதற்கு 'சிதைந்த' என்று பிரித்தே எழுத வேண்டும்.

பெயரில் படும் கறைக்கும் அதே கேள்விகள்தான். 'டார்னிஷ்' வெள்ளி கறுப்பது, பித்தளை மங்குவது. தேய்த்தால் மீளும், எனவே மங்கிய நற்பெயருக்கு. 'பிஸ்மர்ச்' இன்னொருவர் வேண்டுமென்றே அப்புவது; நாம் 'சேற்றை வாரி இறைக்கிறார்' என்போம். 'டெயின்டட்' உள்ளேயே கெட்டுவிட்டது: கெட்ட இறைச்சி, தவறான வழியில் வந்த பணம். அதைத் தேய்த்துப் பயனில்லை.

சிக்குதலும் அழுக்குதலும் ஒரே சொல்லில் சந்திக்கும் இடம் 'ஃபவுல்'. பழைய ஆங்கிலத்தில் அது அழுகியது, நாறுவது. கடலில் அதுவே நங்கூரத்தில் கயிறு சுற்றிக்கொள்வதற்கும் ஆகிவந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் பழைய சின்னமே கயிறு சுற்றிய நங்கூரம்தான். கப்பல் செய்தி ஒன்றில் 'ஃபவுல்டு' வந்தால் அடுத்த சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். 'ப்ரொப்பெல்லர்' என்றிருந்து பக்கத்தில் வலையோ கயிறோ பேசப்பட்டால், விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. 'ஹல்' என்றிருந்தால், அடிப்பலகையில் பாசியும் சிப்பியும் அப்பிக்கிடக்கின்றன. கப்பல் எங்கும் மாட்டவில்லை, எண்ணெய் கூடுதலாகக் குடித்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.